ஃபேட்டி லிவர்ல நம்ம இம்யூனிட்டிக்கு என்ன வேலை? கேள்வி பதில்

மொதல்லயே சொல்லிடறேன், நான் பேத்தாலஜிஸ்ட். பேஷண்ட்ட விட அவங்க லிவர் துண்டத்தான் அதிகம் பாத்துருக்கேன். அதனால மாத்திரை டோஸ் எல்லாம் என்கிட்ட கேக்காதீங்க, மத்தது என்ன வேணா கேளுங்க.

கேள்வி: அக்கா, ஸ்கேன்ல கிரேடு 1 ஃபேட்டி லிவர்னு வந்துருக்கு. கொழுப்பு தானே, இதுல இம்யூன் சிஸ்டம் எங்க வந்துச்சு?

வெறும் கொழுப்பு மட்டும் இருந்தா நெறைய பேருக்கு பல வருஷம் பெருசா ஒண்ணும் ஆகாம ஓடிரும்பா. லிவர கெடுக்குறது அதுக்கு மேல வர்ற அழற்சி, அது இம்யூன் செல்லுங்க பண்ற வேலை. லிவர்லயே குடியிருக்குற குப்ஃபர் செல்னு ஒரு மேக்ரோஃபேஜ், அதாவது வேண்டாதத முழுங்குற இம்யூன் செல் கூட்டம் இருக்கு. லிவருக்கு வர்ற ரத்தத்துல முக்கால்வாசி குடல்லேந்து போர்ட்டல் வெயின் வழியா வருது, அதுல ஒட்டிட்டு வர்ற பாக்டீரியா துணுக்கெல்லாம் புடிச்சு முழுங்கறது இதுங்கதான், நமக்கு தெரியவே தெரியாது. ஆனா கொழுப்பு அமிலம் தாங்க முடியாத அளவுக்கு ஏறி லிவர் செல் அடிபட்டு, உள்ள இருக்குறது வெளிய கசிஞ்சு, இன்னொரு பக்கம் குடல் சுவரும் லேசா லீக் ஆகி பாக்டீரியா சரக்கு கூடுதலா வந்துச்சுன்னா இதே செல்லுங்க டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 1 பீட்டான்னு அழற்சிய தூண்டுற சிக்னல் எல்லாம் விட ஆரம்பிச்சு, ரத்தத்துல போற மோனோசைட்ங்கற வெள்ளணுவையும் உள்ள கூப்ட்டுக்கும். பிரச்சன அங்கதான் தொடங்குது.

கேள்வி: இதெல்லாம் மைக்ராஸ்கோப்ல கண்ணுக்கு தெரியுமா மேடம்?

நல்லாவே தெரியும், எனக்கு புடிச்ச கேள்வி இது. ஸ்லைடு தயார் பண்றப்ப ஆல்கஹால், சைலீன்ல கொழுப்பு கரைஞ்சு போயிரும், அதனால நாங்க பாக்குறது கொழுப்பு இருந்த வெள்ள ஓட்டைய. 5 சதவீதத்துக்கு மேல லிவர் செல்லுல ஓட்ட இருந்தா ஃபேட்டி லிவர். அதோட சில செல்லு உப்பி, வெளிறி, ஓரம் உருண்டு இருக்கும், உள்ள பிங்க் கலர்ல கயிறு கயிறா புரோட்டீன், சுத்தி நியூட்ரோஃபில்னு வெள்ளணு நாலஞ்சு மொய்ச்சுட்டு நிக்கும். அத பாத்தாலே இது வெறும் கொழுப்பு இல்லன்னு முடிவு பண்ணிருவோம். அடுத்து மேசன் ட்ரைக்ரோம் சாயம் போட்டா தழும்பு நீலமா தெரியும், மொதல்ல சென்ட்ரல் வெயின சுத்தி ஒவ்வொரு செல்லையும் வளைச்சு கோழிக்கூண்டு கம்பிவலை மாதிரி. இந்த தழும்ப போடறது ஸ்டெல்லேட் செல்னு ஒண்ணு, அத தூண்டி விடறது மேக்ரோஃபேஜ் விடற டிஜிஎஃப் பீட்டாங்கற சிக்னல்.

கேள்வி: நான் ஒல்லி, குடிக்கவும் மாட்டேன், எனக்கு ஏன்?

நம்ம ஊர்க்காரங்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே ஓவர்வெயிட் கணக்கு, இடுப்பு டேப்பும் வச்சு பாருங்க. பிஎன்பிஎல்ஏ3 ஜீன்ல ஒரு மாறுதல் இருந்தாலும் ஒல்லியா இருக்கறவங்களுக்கு வரும்.

கேள்வி: அப்ப இம்யூனிட்டி ஏத்த சீந்தில் கஷாயம் குடிச்சா லிவர் சரியாகும்ல?

தயவுசெஞ்சு வேணாம்! மேல சொன்னத இன்னொரு தடவ படிங்க, இங்க இம்யூனிட்டி கம்மியாகி வந்த வியாதி இல்ல இது, ஏற்கனவே தூண்டிவிட்டு நிக்கிது. கொரோனா சமயத்துல வட இந்தியாவுல கிலோய்னு சொல்ற இதே சீந்தில ஊரே குடிச்சுது, 2021ல மும்பை டாக்டர்ஸ் மஞ்சக்காமாலையோட வந்த சில பேஷண்ட்ட பத்தி எழுதினாங்க, பயாப்ஸில, அதாவது லிவர் துண்டு எடுத்து பாத்தா ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸ், அதான் நம்ம இம்யூனிட்டியே லிவர தாக்குற வியாதியோட சாயல். ஆயுஷ் அமைச்சகம் ஒத்துக்கல, அந்த சண்டை வேற. என்னைய கேட்டா ஏற்கனவே லிவர் தகராறு இருக்கறவங்க பூஸ்டர்னு போட்ட எந்த டப்பாவையும் தொடாதீங்க.

கேள்வி: சார் எனக்கு ஏஎன்ஏ (நம்ம செல்லையே குறி வைக்கிற ஆன்டிபாடி டெஸ்ட்) பாசிட்டிவ், அப்ப ஆட்டோஇம்யூனா?

சார் இல்லங்க மேடம், பரவால்ல. ஃபேட்டி லிவர் காரங்க அஞ்சு பேருல ஒருத்தருக்கு லேசா பாசிட்டிவ் வர்றது சகஜம். ஐஜிஜிங்கற ஆன்டிபாடி அளவும் எகிறியிருந்தா டாக்டர் பயாப்ஸி பத்தி பேசுவாரு.

கேள்வி: அழற்சிதான் வில்லன்னா ஸ்டீராய்டு குடுத்து அமுக்கிடலாமே?

ஸ்டீராய்டு சுகரையும் ஏத்தும் லிவர் கொழுப்பையும் ஏத்தும், கத முடிஞ்சுது. மோனோசைட் உள்ள வர்ற வழிய அடைக்க செனிக்ரிவிராக்னு ஒரு மருந்து பெரிய ட்ரையல் வரைக்கும் வந்து 2021ல பலனில்லன்னு நிறுத்திட்டாங்க. அதே நேரத்துல கொழுப்பு பக்கம் கைய வச்ச மருந்து ஜெயிச்சுது, அமெரிக்காவுல 2024 மார்ச்ல ரெஸ்மெடிராம், 2025ல செமாகுளுடைடு அனுமதி வாங்கிச்சு. எரியறத அணைக்கறத விட எண்ணெய ஊத்தறத நிறுத்தணும்னுதான் எனக்கு படுது. எடையில 7லேந்து 10 சதவீதம் கொறைஞ்சா நெறைய பேருக்கு அழற்சி இறங்குது, 80 கிலோ ஆளுக்கு ஆறு எட்டு கிலோ, அவ்ளோதான்.

கேள்வி: அப்பாவுக்கு வயசு 52, லிவர் என்சைம் எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1,60,000. எல்லாம் நார்மல்னு லேப்ல சொல்லிட்டாங்க, விட்ரலாமா அக்கா?

விடாதம்மா. லிவர்ல தழும்பு இருக்க வாய்ப்பு இருக்கான்னு பாக்க ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு, வயச எஸ்ஜிஓடியால பெருக்கி, பிளேட்லெட்ட ஆயிரத்துல எடுத்து எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தால பெருக்கி, அதால வகுக்கணும். 2080 வகுத்தல் 960, கிட்டத்தட்ட 2.2 வருது. 1.3க்கு கீழ இருந்தா நிம்மதியா இருக்கலாம், இது அதுக்கு மேல, அதனால தழும்பு இருக்கான்னு ஃபைப்ரோஸ்கேன், அதாவது லிவர் எவ்ளோ இறுகியிருக்குன்னு அளக்குற ஸ்கேன் எடுத்து பாத்துருங்க. ஊசி இல்ல வலி இல்ல, மூணு மணி நேரம் சாப்பிடாம போனா போதும்.