அண்ணன் பத்தின கட்டுரையில எதைப் போடலாம், எதை விடலாம்? – வாசகர் கேள்வி பதில்

எலெக்‌ஷன் பேச்சு ஆரம்பிச்சாலே நம்ம பெட்டிக்கு விக்கிப்பீடியா கேள்வி வர ஆரம்பிச்சிடுது. அரசியல்வாதியோட கட்டுரையில அதைப் போடலாமா, இதை எடுக்கலாமான்னு ஒரே பஞ்சாயத்து. இந்த வாரம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், சமையல் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க.

எங்க தொகுதி எம்எல்ஏ பத்தி தமிழ் விக்கிப்பீடியாவுல நான்தான் கட்டுரை ஆரம்பிச்சேன். அவர் தேர்தல்ல நிக்கும்போது குடுத்த பிரமாணப் பத்திரத்தைப் பாத்து "இவர் மீது பல கிரிமினல் வழக்குகள் உள்ளன"ன்னு ஒரு வரி போட்டேன். அவர் கட்சிக்காரங்க அழிக்கிறாங்க, எதிர்க்கட்சிக்காரங்க திரும்பப் போடுறாங்க, மாத்தி மாத்தி ஒரு மாசமா நடக்குது. யார் பக்கம் நியாயம்?
*– ஊர் பேர் போடாதீங்கன்னு கேட்டுக்கிட்ட வாசகர்*

யார் பக்கமும் இல்ல தம்பி, ஏன்னா உங்க வரியே அரைகுறையா இருக்கு. அந்தப் பத்திரத்தை மறுபடி திறந்து வழக்கு எண்ணுக்குப் பக்கத்துல என்ன பிரிவு போட்டிருக்குன்னு பாருங்க. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தோட 143, 341, 188 இந்த மூணும் திரும்பத் திரும்ப வருதா? சட்டவிரோதமா கூடுனது, வழிமறிச்சது, அதிகாரி போட்ட உத்தரவை மீறினது, அவ்வளவுதான். 2024 ஜூலைக்கு அப்புறம் போட்ட கேஸ்னா புது சட்டத்துல 189, 126, 223ன்னு நம்பர் மாறியிருக்கும். சாலை மறியல், கலெக்டர் ஆபீஸ் முற்றுகைன்னு போனா போலீஸ் ஒரு கேஸ் எழுதும், சாயங்காலம் கல்யாண மண்டபத்துலேருந்து விட்டுடுவாங்க. எதிர்க்கட்சியில பல வருஷம் இருந்தும் ஒரு மறியல் கேஸ்கூட இல்லன்னா அந்த ஆள் என்ன அரசியல் பண்ணாருன்னுதான் நான் கேப்பேன். அதையும் 420 (மோசடி), 302 (கொலை), லஞ்ச ஒழிப்பு கேஸையும் ஒரே கூடையில போட்டு "பல கிரிமினல் வழக்குகள்"னு எழுதினா எழுத்துக்கு எழுத்து உண்மைதான், ஆனா படிக்கிறவன் மனசுல நிக்கிறது பொய்.

இன்னொரு விஷயம், அந்தப் பத்திரத்தை நேரா எடுத்து ஆதாரமா வைக்கிறதே சிக்கல். 2002ல உச்ச நீதிமன்றம் வாக்காளருக்குத் தெரிஞ்சுக்க உரிமை இருக்குன்னு தீர்ப்பு சொன்னதாலதான் வேட்பாளர் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாத்தையும் படிவம் 26ல எழுதிக் குடுக்குறாங்க. ஓட்டு போடறவனுக்கு அது தங்கம். ஆனா உயிரோட இருக்கற ஒருத்தரைப் பத்தி எழுதும்போது கோர்ட் பேப்பர், அரசாங்க ஆவணம் இதையெல்லாம் நீங்களே படிச்சு அர்த்தம் பண்ணி எழுதாதீங்க, ஒரு நல்ல பத்திரிகை எடுத்து எழுதினதை வச்சு எழுதுங்கன்னு ஆங்கில விக்கிப்பீடியா விதியே வச்சிருக்கு. தமிழ்லயும் அப்படியே செஞ்சா பாதி சண்டை குறையும். அதுவும் போக அந்தப் பத்திரத்துல வீட்டு அட்ரஸ், போன் நம்பர், மனைவி பேர்ல இருக்கற நகை வரைக்கும் இருக்கும், அதெல்லாம் கட்டுரைக்கு எதுக்கு?

சரி, அப்போ எந்த வழக்கைப் போடலாம்? நான் பாக்கறது ஒண்ணுதான். அந்த வழக்கு அவரோட பதவியையோ அதிகாரத்தையோ மக்கள் பணத்தையோ தொட்டுச்சா? தொட்டிருந்தா அவருக்குப் பிடிக்குதோ இல்லையோ போட்டே ஆகணும், கட்சிக்காரர் அழிச்சா உரையாடல் பக்கத்துல (கட்டுரையைப் பத்தி எழுதறவங்க பேசிக்கிற பக்கம்) ஆதாரத்தோட கேளுங்க. போடறதுன்னா ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் போடணும், நடுவுல நிறுத்தக்கூடாது.

இதுக்கு நம்ம ஊர்லயே ஜெயலலிதாவை விட நல்ல உதாரணம் கிடைக்காது. சொத்துக் குவிப்பு வழக்கை எடுத்துக்குங்க, 1991லேருந்து 96 வரைக்கும் முதல்வரா இருந்த காலத்துல வருமானத்துக்கு மேல சுமார் 66 கோடி சொத்து சேர்த்தாங்கன்னு குற்றச்சாட்டு. 2014 செப்டம்பர் 27ல பெங்களூரு தனி நீதிமன்றம் 4 வருஷம் ஜெயில், 100 கோடி அபராதம்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான் உச்ச நீதிமன்றம் தண்டனை வந்த அன்னிக்கே எம்எல்ஏ, எம்பி பதவி போயிடும்னு சொல்லியிருந்துச்சு, அதனால முதல்வர் நாற்காலி உடனே போச்சு. 2015 மே 11ல கர்நாடக ஹைகோர்ட் விடுதலை பண்ணுச்சு, திரும்ப முதல்வர் ஆனாங்க. 2016 டிசம்பர் 5ல இறந்துட்டாங்க. 2017 பிப்ரவரி 14ல உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து பண்ணி கூட குற்றம் சாட்டப்பட்ட மத்த மூணு பேரோட தண்டனையை உறுதி பண்ணுச்சு, இவங்க உயிரோட இல்லாததால இவங்க மேல இருந்த மேல்முறையீடு அத்தோட அற்றுப்போச்சுன்னு சொல்லிட்டாங்க.

இப்ப இதை ஒரே வரியில சுருக்கி எழுதிப் பாருங்க. "ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்"னு எழுதினா ஒரு கட்சிக்காரன் வருவான், "வழக்கில் விடுதலை ஆனவர்"னு எழுதினா இன்னொருத்தன் வருவான், ரெண்டு பேர் கையிலயும் ஒரு தீர்ப்பு இருக்கும். நாலு தேதியையும் வரிசையா போட்டா யாருக்கும் வாய் திறக்க இடமில்ல. அதே வழக்குல வந்த புடவைக் கணக்கு, செருப்புக் கணக்கு இருக்கே, அது அந்த வழக்கைப் பத்தின தனிக் கட்டுரையில இருக்கட்டும், அவங்க வாழ்க்கை வரலாற்றுல முதல் பாராவுல அதைக் கொண்டு வந்து வச்சா அது எழுதினவரோட கோபம்தான்.

தலைவர்களோட சாதியைப் போடணுமா? போடலைன்னா மறைக்கிறோம்னு சொல்றாங்க, போட்டா சாதி வெறின்னு சொல்றாங்க.
*– வாசகர், விருதுநகர்*

அவரே வாய் திறந்து சொல்லியிருந்து, அவரோட அரசியலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருந்தா போடுங்க. பேரை வச்சு, ஊரை வச்சு, "எங்க மாமாவுக்குத் தெரியும்"னு போடறதெல்லாம் கூடாது. தமிழ்நாட்டுல 234 தொகுதியில 44 பட்டியல் சாதிக்கும் 2 பழங்குடிக்கும் ஒதுக்கியிருக்கு, தனித் தொகுதியில ஜெயிச்சார்னு எழுதினாலே வேண்டிய அளவு விஷயம் வந்துடுது, உட்பிரிவைத் தேடிக்கிட்டு அலைய வேண்டாம். சென்னை மேயர் பிரியா விஷயம் வேற. 2022ல அந்தப் பதவியையே பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கினாங்க, முதல் தலித் பெண் மேயர்னு எல்லாப் பத்திரிகையும் எழுதுச்சு, அங்க அதை விட்டா கட்டுரையே நொண்டும்.

பொண்டாட்டி, புள்ளைங்க, ரெண்டாவது கல்யாணம் இதெல்லாம் அவங்க சொந்த விஷயம்தானே, எதுக்குங்க எழுதறீங்க?
*– வாசகி, காரைக்குடி*

பாதி சரிம்மா. கருணாநிதி குடும்பத்தை விட்டுட்டு தமிழ்நாட்டு அரசியலை எழுதிக் காட்டுங்க பாப்போம். 2007ல கனிமொழி ராஜ்யசபா எம்பி, 2009ல அழகிரி மத்திய அமைச்சர், அதே வருஷம் ஸ்டாலின் துணை முதல்வர். குடும்பமே பதவியில இருக்கும்போது அது சொந்த விஷயம் இல்ல. ஆனா ஸ்கூல் போற பேரன் எந்த ஸ்கூல், பொண்ணு எங்க வேலை பாக்குது, மருமகனோட முதல் கல்யாணம் என்னாச்சு, இதெல்லாம் பதவிக்கு வராதவங்க வாழ்க்கை, தொடாதீங்க. கல்யாணமும் அப்படித்தான், சாதாரணமா ஒரு வரிகூட வேண்டாம், ஆனா 1995ல ஜெயலலிதா வளர்ப்பு மகன் கல்யாணச் செலவு சொத்து வழக்குக் கணக்குலயே வந்துச்சு, அப்ப அதை எழுதாம விட முடியாது.

நான் ஒரு முக்கியமான அண்ணன் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். அண்ணன் செஞ்ச நலத்திட்ட உதவி, திறந்து வச்ச நிழற்குடை, குடுத்த தையல் மெஷின் எல்லாத்தையும் சேர்த்து ரெண்டு பக்கம் எழுதினேன். பத்து நிமிஷத்துல தூக்கிட்டாங்க. இது அநியாயம் இல்லையா?
*– கட்சி ஐடி விங் நண்பர், சென்னை*

நியாயம்தான் நண்பா. நிழற்குடை திறந்தது துண்டறிக்கைக்குச் சரி, கட்டுரைக்கு அண்ணன் சட்டசபையில என்ன மசோதாவுல பேசினார், எந்தத் துறை கையில இருந்துச்சு, எத்தனை ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார், தோத்தார் அதெல்லாம்தான் வேணும். சம்பளம் வாங்கிக்கிட்டு எழுதறீங்கன்னா அதை உங்க பயனர் பக்கத்துல வெளிப்படையா சொல்லணும், கட்டுரையில நேரா கை வைக்காம உரையாடல் பக்கத்துல "இந்தத் தேதி தப்பு, இதோ ஆதாரம்"னு கேக்கலாம், நல்லபடியா கேட்டா பெரும்பாலும் மாத்திடுவாங்க.

திருட்டுத்தனமா பண்ணினா என்ன ஆகும்னு அமெரிக்காவுல ஏற்கனவே பாத்தாச்சு. மாசசூசெட்ஸ் எம்பி மார்ட்டின் மீஹன், 1992ல மொத தடவை நின்னப்ப நாலு தடவைக்கு மேல இருக்க மாட்டேன்னு வாக்கு குடுத்தவர், ஏழாவது தடவையும் எம்பியா உக்காந்திருந்தார். அவர் ஆபீஸ் ஆளுங்க விக்கிப்பீடியாவுல அந்த வாக்குறுதி இருந்த இடத்தை அழிச்சிட்டு தாங்களே எழுதின புகழ்ச்சியை ஒட்டிட்டாங்க. 2006 ஜனவரியில உள்ளூர் பேப்பர் கண்டுபிடிச்சிடுச்சு. அதுவரைக்கும் அந்தத் தொகுதியைத் தாண்டி யாருக்கும் பெருசா தெரியாத வாக்குறுதி, அழிச்சதால நாடு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. "வரலாற்றைக் காட்டவும்"னு மேல ஒரு பொத்தான் இருக்கே, அதை அழுத்தினா யார் எப்ப எதை வெட்டினாங்கன்னு அப்படியே நிக்கும், அண்ணன்கிட்ட அதைக் காட்டிடுங்க.

பேப்பர்ல வந்துட்டா ஆதாரம்தானே? அப்புறம் ஏன் சில சமயம் ஒத்துக்க மாட்டேங்கறாங்க?
*– வாசகர், ஈரோடு*

பேப்பர் எங்கேருந்து எடுத்துச்சுன்னு ஒரு கேள்வி இருக்கு சார். 2009 பிப்ரவரியில ஜெர்மனியில கார்ல் தியோடோர் சு குட்டன்பெர்க்னு ஒருத்தர் பொருளாதார அமைச்சர் ஆனார், பிரபு பரம்பரை, முதல் பேர் மட்டுமே பத்து. யாரோ ஒரு குறும்புக்காரன் விக்கிப்பீடியாவுல நடுவுல "வில்ஹெல்ம்"னு பதினொண்ணாவதா ஒரு பேரைச் சொருகிட்டான். பில்ட் பத்திரிகை முதல் பக்கத்துலயே அந்தப் பேரோட போட்டுச்சு, இன்னும் பல பேரும் போட்டாங்க. விக்கிப்பீடியாவுல ஒருத்தர் சந்தேகப்பட்டு ஆதாரம் கேட்டா, ஷ்பீகல் பத்திரிகை வெப்சைட்டுல வந்த செய்தியையே ஆதாரமா காட்டிட்டாங்க. பொய் ஒரு சுத்து சுத்திட்டு ஆதாரத்தோட வீட்டுக்குத் திரும்புச்சு. (அதே அமைச்சர் 2011ல டாக்டர் பட்ட ஆராய்ச்சியில காப்பி அடிச்சது வெளிய வந்து ராஜினாமா பண்ணினார், அது கண்டிப்பா கட்டுரையில இருக்க வேண்டிய விஷயம், பதவியே போச்சே.)

அவசரமும் இன்னொரு வியாதி. 2016 டிசம்பர் 5 சாயங்காலம் சில டிவியில ஜெயலலிதா இறந்துட்டாங்கன்னு ஓடிடுச்சு, கட்சி ஆபீஸ்ல கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கிட்டாங்க, உடனே ஆஸ்பத்திரி மறுத்துச்சு, கொடி திரும்ப மேல ஏறுச்சு. ராத்திரிதான் முடிவா அறிவிப்பு வந்துச்சு. அந்த நேரத்துல கட்டுரையில "வாழ்ந்தார்"னு மாத்த துடிச்சவங்ககிட்ட டிவி ஆதாரம் இருக்கத்தான் செஞ்சுது. இறப்பு செய்தின்னா குடும்பமோ ஆஸ்பத்திரியோ அரசோ சொல்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க, விக்கிப்பீடியா ஒண்ணும் பிரேக்கிங் நியூஸ் இல்ல.

ஒருத்தருக்கு ரெண்டு பிறந்த தேதி இருந்தா?
*– வாசகி, தஞ்சாவூர்*

நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு ஸ்கூல்ல வாத்தியார் போட்ட தேதிதானே. ரெண்டுக்கும் ஆதாரம் இருந்தா ரெண்டையும் போட்டு எது எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லிடுங்க, சந்தேகமா இருந்தா வருஷம் மட்டும் போதும். பிரமாணப் பத்திரத்துல தேடாதீங்க, அங்க வயசு மட்டும்தான் கேக்கறாங்க. தேதியே கதையா இருக்கறவங்களும் உண்டு. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, சோவியத் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5, பேர் வந்த காரணமே அதுதான், அங்க தேதியை விடவே முடியாது.

கலைஞர், புரட்சித்தலைவி, தளபதி, மாண்புமிகு?
*– வாசகர், சேலம்*

தலைப்புல இயற்பெயர். பட்டத்தை "இப்படியும் அழைப்பாங்க"ன்னு ஒரு தடவை. மாண்புமிகுவும் அவர்களும் கல்யாணப் பத்திரிகையோட நிக்கட்டும்.

நான் எழுதினதுக்கு கேஸ் போடுவேன்னு மிரட்டுறாங்க. பயமா இருக்கு.
*– பேர் வேண்டாம்னு சொன்ன வாசகர்*

மொதல்ல நீங்க எழுதினது ஆதாரத்தோட இருக்கான்னு பாருங்க. இல்லன்னா யார் மிரட்டினாலும் மிரட்டலைன்னாலும் உடனே எடுத்துடுங்க, உயிரோட இருக்கறவங்க விஷயத்துல "மேற்கோள் தேவை"ன்னு ஒரு குறி போட்டுட்டு அப்படியே விட்டு வைக்கக்கூடாது. ஆதாரம் இருக்குன்னா பயப்படாதீங்க, ஆனா அசட்டையாவும் இருக்காதீங்க. நம்ம நாட்டுல அவதூறு இன்னும் கிரிமினல் குற்றம், 2016ல உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. 2024ல ஏஎன்ஐ செய்தி நிறுவனம் போட்ட வழக்குல, எழுதினவங்க விவரத்தைக் குடுன்னு டெல்லி ஹைகோர்ட் கேட்டுச்சு, அதனால புனைபேர்ல எழுதறோம் யாருக்குத் தெரியப் போகுதுன்னு இருந்துடாதீங்க.

கோர்ட்டுக்குப் போற அரசியல்வாதிக்கும் அது பெருசா லாபம் இல்லங்கறது வேற கதை. 2008 நவம்பர்ல ஜெர்மன் எம்பி லுட்ஸ் ஹைல்மான், பழைய கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையில அவர் இருந்ததைப் பத்தி வந்த கட்டுரைக்காக கோர்ட்டுக்குப் போய், விக்கிப்பீடியாவோட ஜெர்மன் முகவரி ஒண்ணை முடக்கி தடை வாங்கினார். சில நாள்ல எதிர்ப்பு தாங்காம அவரே பின்வாங்கினார், அதுக்குள்ள அங்க விக்கிமீடியாவுக்கு (விக்கிப்பீடியாவுக்குப் பின்னால இருக்கற அமைப்பு) நன்கொடை கொட்டிடுச்சு, அவர் கட்டுரையைப் படிச்சவங்க எண்ணிக்கை கேக்கவே வேண்டாம்.

நீங்க செய்ய வேண்டியது, ஒவ்வொரு வரிக்கும் பேப்பர் பேர், தேதி, பக்கம் போடுங்க, லிங்க் இருந்தா ஆர்க்கைவ்ல (வெப் பக்கத்தைச் சேமிச்சு வைக்கிற தளம்) ஒரு காப்பி எடுத்து வைங்க, நம்ம ஊர் பத்திரிகை லிங்க் ரெண்டு வருஷம் தாங்கறதே அபூர்வம். மிரட்டல் வந்த மெசேஜை அழிக்காம வச்சுக்கிட்டு விக்கி நிர்வாகிங்களுக்குத் தெரியப்படுத்துங்க, நேரடியா பதில் போட்டு வாக்குவாதம் பண்ணாதீங்க.

எங்க வார்டு கவுன்சிலர் ரொம்ப நல்லவர், அவருக்கு ஒரு கட்டுரை போட்டுடலாமா?
*– வாசகர், மதுரை*

எம்எல்ஏ, எம்பின்னா யோசிக்கவே வேண்டாம், போடலாம். கவுன்சிலர்னா வார்டைத் தாண்டி ரெண்டு மூணு பத்திரிகை அவரைப் பத்தி விரிவா எழுதியிருக்கணும். நல்லவரா இருக்கறது மட்டும் போதாது சார், அவர்கிட்ட தெருவிளக்கு மாத்தச் சொல்லுங்க இப்போதைக்கு.