மீன் மணம் வந்தால் பார்சலை மட்டும் பார்க்காதீர்கள்

கேள்வி: மட்டக்களப்புப் பக்கம் ஒரு கல்லூரியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தீப்பாதுகாப்பு என்று அரை நாள் வகுப்பு வைத்து, சிவப்புச் சிலிண்டரைக் காட்டி, கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். ஊழியர்களுக்கு உண்மையில் எது தெரிந்திருக்க வேண்டும்?

தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை, வகுப்பில் விட்டதைச் சொல்கிறேன். நான் ஆய்வுகூட உதவியாளராக 22 வருடம் வேலை பார்த்தவன். அந்தக் காலத்தில் தீ என்று நாங்கள் ஓடியது இரண்டு தடவை. இரண்டும் ஆய்வுகூடத்தில் இல்லை.

ஆய்வுகூடத்தில் எங்களுக்குப் பயம் இருந்தது. எதனோல் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை சரியாகத் தெரியாது, கையை வைத்த பிறகுதான் தெரியும். சோடியம் தண்ணீர் பட்டால் பற்றும் என்று அதை எண்ணெய்க்குள் போட்டு வைத்திருப்போம். காபனீரொட்சைட்டு சிலிண்டர் அதற்கு உதவாது என்பதால் பக்கத்திலேயே காய்ந்த மணல் வாளி. ஒபிஸில் தேத்தண்ணி மேசையைப் பார்த்து ஆர் பயப்படுவார்?

முதல் தீ அந்த மேசையில்தான் வந்தது. மத்தியானம், பார்சல் பிரிக்கிற நேரம். ஒரு மணம் வந்தது, பழைய மீன் மாதிரி. "ஆருட பார்சல் புள்ள இப்படி மணக்குது?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்து, அன்றைக்கு மீன் கொண்டுவந்தவரை ஒரு வழி பண்ணிவிட்டோம். கால் மணி நேரம் கழித்து மேசைக்குப் பின்னால் புகை. பிளக் பேஸும் (பிளக்கைச் செருகும் இடம்) எக்ஸ்டென்ஷன் கோட்டும் உருகி, பக்கத்தில் சாத்தி வைத்த பைல் கட்டு ஒன்றில் பற்றியிருந்தது. பிளக்கின் பிளாஸ்டிக் சூடேறும்போது சில வகைகள் மீன் மணம்தான் தரும் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாவிக்கரையில் இருந்துகொண்டு அந்த மணத்தை எப்படிச் சந்தேகப்படுவது, சொல்லுங்கள்.

காரணம் சின்னக் கணக்கு. 13 அம்பியர் பிளக் பேஸ் ஒன்று, 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3000 வாட் தாங்கும். மின்கேத்தல் ஒன்றே 2000 வாட் இழுக்கும். அதே கோட்டில் லேசர் பிரிண்டர், விசிறி, யாருடையதோ போன் சார்ஜர். கடையில் மலிவாக விற்கிற பல கோட்டுகளின் வயர் 13 அம்பியருக்கே போதாது. அதைச் சுருட்டிக் கட்டிப் போட்டால் சூடு வெளியேற வழியுமில்லை. இதில் நம்முடைய கடல் காற்று வேறு, பேஸுக்குள் இருக்கிற பித்தளையை அரித்துத் தொடுகையைத் தளர்த்திவிடும். தளர்ந்த இடம்தான் சூடாகும்.

"ட்ரிப் சுவிட்ச் இருக்கே" என்பார்கள். எங்களிடமும் இருந்தது, விழவில்லை. அது மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால் விழும், அதாவது ஆளை மின்தாக்குதலிலிருந்து காப்பாற்ற வைத்தது. அளவுக்கு மீறி இழுத்தால் விழுவது வேறு சுவிட்ச். தளர்ந்த தொடுகையில் சூடேறுவதை இரண்டுமே கவனிக்காது. உங்கள் கைதான் கவனிக்கும்: பிளக்கைக் கழற்றும்போது சூடாக இருந்தால், பேஸில் பழுப்புக் கறை இருந்தால், அந்தப் பேஸை இனித் தொடாதீர்கள், மின் பராமரிப்புக்கு எழுதிக் கொடுங்கள். கேத்தல் நேரே சுவர் பேஸில், தனியாக.

சரி, பற்றிய பிறகு. சுத்திகரிப்பு வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர்தான் ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே போட்டார். மற்றவர்களில் பாதிப் பேருக்கு மெயின் எங்கே என்றே தெரியாது. ஒபிஸின் சிலிண்டர் ஸ்டோர் அறைக்குள், விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால். அறைச் சாவி ஸ்டோர்கீப்பரிடம், அவர் வங்கிக்குப் போயிருந்தார். நான் ஆய்வுகூடத்திலிருந்து காபனீரொட்சைட்டு சிலிண்டரைத் தூக்கி வந்து அடித்தேன், அணைந்தது. எங்கள் நல்ல காலம், தீ குப்பைக் கூடையளவுதான்.

அந்தச் சிலிண்டரின் முனையில் இருக்கிற கறுப்புப் புனலைக் கையால் பிடிக்காதீர்கள், வாயு வெளியே வரும்போது −78 பாகை வரை குளிரும், தோல் ஒட்டிவிடும். கணினிக்கும் மின்சாரத்துக்கும் இது நல்லது. நீலப் பட்டை உள்ள உலர் தூள் பெரும்பாலான தீயை அணைக்கும், ஆனால் அடித்த பிறகு அந்தக் கணினியை மறந்துவிடுங்கள். தண்ணீரை மின்சாரத்திலோ கன்ரீன் எண்ணெய்த் தாச்சியிலோ ஊற்றவே கூடாது. கொதிக்கிற எண்ணெய்க்குள் போன தண்ணீர் ஆவியாக 1700 மடங்கு விரியும், எரிகிற எண்ணெய் கூரை வரை போகும். தாச்சியை மூடி, அடுப்பை நிறுத்துவதுதான் வழி. இந்த இரண்டு வகைச் சிலிண்டரும் சில விநாடிதான் வேலை செய்யும், பெரியது என்றாலும் அரை நிமிடம் தாண்டாது. அதனால் வாசல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, அடிப்பகுதியைப் பார்த்து அடியுங்கள். ஒன்று முடிந்தும் அணையவில்லையா, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுங்கள்.

இரண்டாவது தீ, கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் காலத்தில் வந்தது. தோட்ட வேலை ஆட்கள் மத்தியானம் சருகு கூட்டி எரித்தார்கள். காற்று கிறுகிய ஒரு நிமிடத்தில் புல் பற்றி ஜெனரேட்டர் அறைப் பக்கம் போனது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம், அந்த அறையில் பலர் கலன் கலனாகப் பெற்றோல் ஒளித்து வைத்திருந்த நேரம். எப்படித் தப்பினோம் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் நிழல் பார்த்து வாசல் வேப்பமரத்துக்குக் கீழே கூடிவிட்டார்கள், தீயணைப்பு பவுசர் வர வேண்டிய வழியே அதுதான். நூலகத்தின் பின் கிரில் கேட்டுக்குத் திருடனுக்குப் பயந்து பூட்டு, நூலகத்துக்குள் மூன்று பேர்.

தீயணைப்பு எண் 110. மாநகரசபைத் தீயணைப்புப் பிரிவின் நேரடி எண்ணையும் சுவரில் ஒட்டி வையுங்கள். உங்கள் கல்லூரி வந்தாறுமூலைப் பக்கம் என்றால் நகரத்திலிருந்து 15 கிலோமீட்டரளவு, அவர்கள் வரும் வரை நீங்கள்தான் ஆள். யாரையாவது பிரதான வீதியில் நிறுத்தி வழி காட்டச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் மெயின் சுவிட்ச் எங்கே, கிரில் சாவி ஆரிடம், சிலிண்டர் எங்கே என்று மூன்றையும் பார்த்து வையுங்கள். சிலிண்டருக்கு முன்னால் பைல் அடுக்கியிருந்தால் மறுபடி வந்து எழுதுங்கள், அதை நகர்த்த ஆரிடம் கடிதம் போட வேண்டும் என்பது இதைவிட நீளமான கதை.