விலை உயர்ந்த ஸ்டீரியோ ஸ்பீக்கர்களுடன் சப்வூஃபர் சேர்க்கலாமா?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. குன்னூரில் பழைய கல் வீடு, பலகைத் தரை. நல்ல டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. கேட்பது கர்நாடகக் கச்சேரிகளும் எண்பதுகளின் திரைப்பாடல்களும். சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர் பெட்டி, வைத்தால் ஸ்டீரியோவின் சுத்தம் கெட்டுவிடும் என்கிறார்கள் நண்பர்கள். ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) சப்வூஃபருக்கான வெளியீடும் இல்லை.

சேருங்கள். முடிந்தால் சிறியதாக இரண்டு. நான் கோத்தகிரியில் கிட்டத்தட்ட இதே மாதிரி வீட்டில்தான் கேட்கிறேன். இரண்டு சப்வூஃபர் இல்லாத என் அறையை இனி நினைத்துப் பார்க்க முடியாது.

"என் ஸ்பீக்கரே 35 ஹெர்ட்ஸ் வரை போகும், எனக்கு எதற்கு?" என்று பலரும் கேட்பார்கள். (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறைய ஒலி தாழும்.) ஸ்பீக்கர் எவ்வளவு தாழப் போகும் என்பது இங்கே பிரச்சினையே இல்லை. பாடகர் நடுவில், வயலின் ஒருபுறம், மிருதங்கம் மறுபுறம் என்று மேடை விரிய வேண்டுமானால் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்து வைக்க வேண்டும். தாழ்ந்த ஒலி ஒழுங்காக வர வேண்டுமானால் அது வேறு இடத்திலிருந்து புறப்பட வேண்டும். ஒரே பெட்டியை இரண்டு இடத்தில் வைக்க முடியாது. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் இது மாறாது.

கணக்கு எளிது. நம் ஊரில் அறைக்குள் 15 டிகிரி இருக்கும்போது ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. ஸ்பீக்கரின் முகம் அதன் பின்னால் உள்ள சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 85 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலிக்கு எதிராக வந்து அதை அடித்துவிடும், அங்கே ஒலியில் ஒரு பள்ளம் விழும். பேஸ் கிடார் வாசிப்பில் ஒரு சுரம் தெளிவாக வந்து அடுத்தது மெலிந்து போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சப்வூஃபரைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம். 20 செ.மீ. தூரத்தில் அந்தப் பள்ளம் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், சப்வூஃபருக்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்தது நிலை அலை. என் அறை 5.2 மீட்டர் நீளம். 340-ஐ நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 33 ஹெர்ட்ஸ். தொட்டித் தண்ணீரை ஆட்டிவிட்டால் இரண்டு ஓரமும் ஏறி இறங்கும், நடு அப்படியே நிற்கும் அல்லவா? 33 ஹெர்ட்ஸில் அறையின் காற்றழுத்தமும் அப்படித்தான் ஆடுகிறது. சுவரோரம் உட்கார்ந்தால் உறுமல், நடுவில் உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை.

இங்கேதான் இரண்டாவது சப்வூஃபருக்கு அர்த்தம் வருகிறது. ஒன்றை ஸ்பீக்கர்கள் இருக்கும் முன்சுவரின் நடுவிலும் மற்றொன்றை நேர் எதிரே பின்சுவரின் நடுவிலும் வைத்தால், அந்த 33 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை ஒன்று ஒரு பக்கம் தள்ள, மற்றது எதிர்ப்பக்கம் தள்ளும். ஆட்டம் அடங்கிவிடும். அகலவாக்கில் இரண்டும் நடுவில் இருப்பதால் அந்தத் திசையின் முதல் ஆட்டமும் எழாது. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வு செவ்வக அறைகளுக்கு இதைத்தான் காட்டியது: எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு இருந்தாலே நல்ல பலன், நான்குக்கு மேல் போனால் பெரிய லாபம் இல்லை. என் அறையில் இதற்குப் பிறகும் 65 ஹெர்ட்ஸில் ஒரு மேடு மிஞ்சியது, அதை ஈக்வலைசரில் (அலைவரிசைவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) குறைத்தேன். மேட்டை அப்படி வெட்டலாம். அறை உண்டாக்கும் பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது, ஆம்ப்தான் திணறும்.

சரி, சுத்தம் கெடுமா? 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது பிரித்தறிவது மிகக் கடினம். அதனால் மேடை கலையாது. கெடுப்பது அளவு மீறிய சத்தமும் உயரமான கிராஸ்ஓவரும்தான். எந்த அலைவரிசைக்குக் கீழே சப்வூஃபர் வேலை செய்ய வேண்டும் என்ற எல்லைதான் கிராஸ்ஓவர். உங்கள் டவருக்கு 50-60 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஆண் குரல் தடித்துக் கேட்டால் கிராஸ்ஓவரையோ சத்தத்தையோ இறக்குங்கள். சப்வூஃபரும் ஸ்பீக்கரும் ஒன்றுசேர்ந்து தள்ளும்படி செய்யும் ஃபேஸ் அமைப்புக்கு, கிராஸ்ஓவர் அலைவரிசையில் ஒரு சீரான ஒலியை ஓடவிட்டு 0, 180 என மாற்றிப் பாருங்கள், உட்காரும் இடத்தில் எது உரக்கக் கேட்கிறதோ அது சரி. ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் யூமிக்-1 மாதிரி ஒரு அளவீட்டு மைக்கும் இருந்தால் இதையெல்லாம் கண்ணாலேயே பார்க்கலாம். கோயம்புத்தூர் கடையில் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டாம். அங்கே நீங்கள் கேட்பது அந்தக் கடையின் அறையை.

மலை வீட்டுக்கென்று சில உண்டு. பலகைத் தரைக்கு அடியில் வெற்றிடம் இருப்பதால் சப்வூஃபர் தரையையே முரசாக்கிவிடும். ரப்பர் கட்டைகள், அவற்றின் மேல் கனமான கடப்பைக் கல், அதன் மேல் சப்வூஃபர் என்று வையுங்கள். இசைத்தட்டு கேட்பவரானால் டர்ன்டேபிளைத் தரையிலிருந்து எடுத்துக் கல் சுவரில் அடித்த தாங்கிக்கு மாற்றிவிடுங்கள். 20-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஒலியை ஏற்றினால் எந்த ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, கணப்படுப்பின் எந்தக் கம்பி ஆடுகிறது என்று தெரியும். ஒவ்வொன்றாக இறுக்குங்கள். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சப்வூஃபரின் மின்சாரத்தை முழுதாக அணைக்காமல் ஸ்டாண்ட்பையில் விட்டால் உள்ளே லேசான சூடு இருக்கும், ஈரம் தங்குவது குறையும். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் சமவெளியைவிட ஒன்றரை டெசிபல் அளவுக்குக் குறையும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இங்கே ராத்திரி எவ்வளவு அமைதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் குறைந்தால் தாழ்ந்த ஒலியைத்தான் காது முதலில் இழக்கிறது, பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். சப்வூஃபரைச் சற்றே ஏற்றிக்கொண்டால் வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில், பேச்சுக்குரல் அளவிலேயே, மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) முழு உடலோடு கேட்கும். எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் இதுதான்.

உங்கள் ஆம்பில் தனி வெளியீடு இல்லாதது தடையே அல்ல. ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே இணைப்பு எடுக்கும் சப்வூஃபர்கள் உண்டு, ஆர்இஎல் நிறுவனம் இந்த முறைக்குப் பேர் போனது. ஆம்பின் சுபாவமும் கூடவே வரும். ஒரு எச்சரிக்கை: உங்களுடையது பிரிட்ஜ் செய்யப்பட்ட (இரண்டு ஆம்ப் பகுதிகள் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும்) ஆம்ப் என்றாலோ, சில கிளாஸ் டி (சுவிட்ச் முறையில் இயங்கும்) வகைகளில் ஒன்று என்றாலோ, அதன் எதிர்முனை தரை இணைப்பு அல்ல. அங்கே சப்வூஃபரின் கறுப்பு ஒயரை மாட்டினால் ஆம்ப் பழுதாகலாம். மாடல் எண்ணைச் சொல்லி விற்றவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே இணையுங்கள்.