கொலு பார்க்குக்கு அட்டைப்பெட்டி வீடுகள்: கேள்வி பதில்

நவராத்திரி நெருங்கினால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். படி கட்டியாச்சு, கீழே தரையில் பார்க், கிராமம், அக்ரகாரம் என்று ஏதாவது வைக்க வேண்டும், கடையில் பொம்மை வீட்டின் விலையைக் கேட்டால் கட்டுப்படியாகவில்லை, வீட்டில் சேர்ந்து கிடக்கிற டப்பாவிலும் அட்டையிலும் செய்ய முடியுமா? தாராளமாக முடியும். கடையில் வாங்குவதைவிட அழகாகவே வரும், ஏனென்றால் உங்களிடம் இருக்கிற பொம்மையின் அளவுக்கு நீங்களே செய்கிறீர்கள். அதிகம் பேர் கேட்டவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, பெட்டி அட்டையில் வீடு செய்து வைத்தேன். பக்கத்தில் செட்டியார் பொம்மையை வைத்ததும் வீடு நாய்க்கூண்டு போல ஆகிவிட்டது. அளவை எப்படி முடிவு செய்வது? (கும்பகோணம்)

வீட்டை அளக்காதீர்கள், பொம்மையை அளந்து தொடங்குங்கள். கொலு பொம்மைகள் ஒவ்வொன்றும் ஒரு உயரத்தில் இருக்கும், பண்ருட்டியில் வாங்கியது ஒரு அளவு, விளாச்சேரியில் வாங்கியது வேறு அளவு, பாட்டி கொடுத்த மரப்பாச்சி இரண்டுக்கும் பொருந்தாது. அதனால் இந்த வீட்டு வாசலில் நிற்கப்போவது யார் என்று முதலில் தீர்மானித்து, அந்த ஒரு பொம்மையின் உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் கதவின் உயரம். திண்ணை அந்தப் பொம்மையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. உள்சுவர் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கண் ஏற்றுக்கொள்ளும்.

ஐந்தரை அங்குலப் பொம்மை என்றால் அடிக்கு ஓர் அங்குலம், அதாவது 1:12. பொம்மை வீடு கட்டுகிறவர்கள் பல நாடுகளில் பிடித்துக்கொண்டிருக்கும் அளவு இது. இங்கிலாந்து ராணி மேரிக்காக 1924-இல் செய்து முடித்து, இன்று வின்ட்சர் கோட்டையில் இருக்கிற பொம்மை வீடும் இதே 1:12தான், அதை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்தான் நம் டில்லி ராஷ்டிரபதி பவனையும் வடிவமைத்தவர். ஆனால் கொலுவில் கும்பலாக வரும் கல்யாண செட், கச்சேரி செட் மனிதர்கள் மூன்று அங்குலத்துக்குப் பக்கம்தான் இருப்பார்கள், அவர்களுக்கு 1:24 எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு வீடு வேண்டும். கூரைக்கு என்ன? (காரைக்குடி)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. கூரியரில் வருகிற பழுப்பு அட்டைப்பெட்டிக்குள் நெளிநெளியாக ஒரு தாள் இருக்கிறது இல்லையா, அதுதான் உங்கள் நாட்டு ஓடு. மேல்தாளை வெறும் கையால் கிழித்தால் நெளியும் சேர்ந்து கிழியும். நெளியை ஒட்டியிருப்பது பெரும்பாலும் மாவுப் பசை, தண்ணீர் பட்டால் இளகிவிடும். ஈரத்துணியால் மேல்தாளை மட்டும் துடைத்து, சில நிமிஷம் விட்டு, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். தண்ணீரில் முக்கக் கூடாது, நெளி படுத்துவிடும். அப்புறம் நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும்.

காய்ந்ததை அப்படியே முழுப் பலகையாக ஒட்டினால் தகரக் கொட்டகையாகத்தான் தெரியும், ஓடாகத் தெரியாது. நெளிக்குக் குறுக்கே ஓர் அங்குலப் பட்டைகளாக வெட்டி, இறவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு பட்டையும் கீழே உள்ளதைக் கொஞ்சம் மூடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு போங்கள். ஓடு வேய்கிறவர் செய்வதும் இதுதான், மழைத்தண்ணீர் மேல் ஓட்டிலிருந்து கீழ் ஓட்டின் மேல் விழ வேண்டும். முகட்டில் மட்டும் ஒரு அட்டைத் துண்டை வளைத்து மூடுங்கள். 1:24 வீட்டுக்கு இந்த நெளி அளவாக இருக்கும். 1:12 என்றால் கொஞ்சம் சின்னது, அதற்குப் பற்பசை அட்டைத் துண்டுகளை ஈரமாக்கிப் பென்சிலில் சுற்றிக் காயவைத்து ஒவ்வொன்றாக அடுக்கலாம், பொறுமை வேண்டும், ஆனால் பார்க்கிறவர் நின்று பார்ப்பார்.

நிறத்தில் ஒரு வேண்டுகோள். குங்குமச் சிவப்பை அடிக்காதீர்கள். செங்காவியில் துளி கறுப்பும் துளி மஞ்சளும் கலந்து, பட்டைக்குப் பட்டை லேசாக மாற்றி அடியுங்கள். காய்ந்ததும் நீர்க்கக் கரைத்த கறுப்பைத் தடவி உடனே துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும், பல மழை பார்த்த கூரையாகிவிடும்.

பிஸ்கட் அட்டை, பற்பசை அட்டையில் பெயின்ட் அடித்தால் உரிந்து வருகிறது, அடியில் இருக்கிற எழுத்தும் தெரிகிறது. (சேலம்)

பளபளப்பான பக்கத்தின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது, தண்ணீர்ப் பெயின்ட் அதில் பிடிக்காது. பெட்டியை ஒட்டின இடத்தில் பிரித்து, விரித்து, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி மடித்து மறுபடி ஒட்டிவிடுங்கள். உள்ளே இருக்கிற சாம்பல் பக்கம் பெயின்டை நன்றாகக் குடிக்கும். இரண்டு பக்கமும் ஒரு கை அடியுங்கள், ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அட்டை வளைந்துகொள்ளும்.

இதைவிட முக்கியமானது வெட்டின ஓரம். வாசலும் ஜன்னலும் வெட்டினதும் அட்டையின் அடுக்கு அடுக்கான விளிம்பு வெளியே தெரியும், எவ்வளவு நன்றாக வர்ணம் அடித்தாலும் பார்க்கிறவருக்கு உடனே அட்டைப்பெட்டி ஞாபகம் வந்துவிடும். எல்லா விளிம்பிலும் மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி மூடுங்கள். அதன் மேல் உப்புத்தாளை லேசாக ஓட்டிவிட்டு வர்ணம் அடித்தால் பூசின சுவர்தான். நேரம் குறைவாக இருந்தால் வேறு எதை வேண்டுமானாலும் விடுங்கள், இதை விடாதீர்கள்.

டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலில் கோபுரம் செய்தோம். ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததும் அப்படியே குழிந்து உருகிப் போனது. ஏன்? (பொறியியல் மாணவர், கோவை)

தெர்மாகோல் பாலிஸ்டைரீன், அதில் பெரும்பகுதி காற்றுதான். ஸ்ப்ரே பெயின்டில், தின்னரில், நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோனில் இருக்கிற கரைப்பான் அதைக் கரைத்துவிடும். ஃபெவிக்விக்கும் அரித்துவிடும். வெள்ளை ஃபெவிகால் மட்டும் போதும், ஆனால் இரண்டு தெர்மாகோல் துண்டுக்கு நடுவே காற்று போகாததால் காய நேரமாகும், ஊசியோ அகர்பத்திக் குச்சியோ குத்தி ராத்திரி முழுக்க விடுங்கள். வர்ணம் அடிக்கும் முன் செய்தித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் தோய்த்து மேலே ஒரு தோல் போல ஒட்டுங்கள். மணிமணியாகத் தெரிகிறதும் மறையும், உதிர்வதும் நிற்கும், அக்ரிலிக் நன்றாகப் பிடிக்கும்.

தீப்பெட்டியில் என்ன செய்யலாம்? எட்டு வயசுப் பையன் கூட உட்காருவான். (திருநெல்வேலி)

ஐந்தரை அங்குலப் பொம்மை வீட்டுக்குத் தீப்பெட்டி மேசை இழுப்பறையாகவே பிறந்தது. ஒன்றன் மேல் ஒன்றாக நாலு அடுக்கினால் நிஜ மேசையின் உயரக் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும். அப்படி இரண்டு அடுக்கு, மேலே ஒரு அட்டைப் பலகை, கணக்குப்பிள்ளை மேசை தயார். இழுப்பறையெல்லாம் திறந்து மூடும், பையன் அதை விடவே மாட்டான். இழுப்பறைக் குமிழுக்கு ஒரு பாசிமணி போதும். பக்கவாட்டில் உரசுகிற பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது, அதை முதலில் நீங்களே உரித்தோ வெட்டியோ எடுத்துவிட்டுப் பெட்டியை அவன் கையில் கொடுங்கள். கட்டரும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

மாத்திரை அட்டை, ஜூஸ் பாக்கெட் இதெல்லாம் உதவுமா மேடம்? (சென்னை)

ஜூஸ் பாக்கெட் நன்றாக உதவும். காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் சேர்த்து ஒட்டின அட்டை அது. வெட்டி விரித்து சோப்புப் போட்டுக் கழுவினால் உள்பக்க வெள்ளிப் பளபளப்பில் பீரோ கண்ணாடி, பாத்திரக் கடைத் தாம்பாளம், தகரக் கதவு எல்லாம் வரும். இனிப்பு வாசனை மிச்சமிருந்தால் எறும்பு வந்துவிடும், அதனால் இரண்டு தடவை கழுவுங்கள்.

மாத்திரை அட்டையில் கண்ணாடி மாதிரி இருக்கிற குமிழை மட்டும் வெட்டி எடுத்தால் வாசல் விளக்கு மூடி, மிட்டாய்க்கடை ஜாடி. ஓரம் கையைக் கிழிக்கும், குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம், மருந்துத் தூளும் ஒட்டியிருக்கும், கழுவிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு கேக் பெட்டி, பேரீச்சம்பழப் பெட்டியின் தெளிவான மூடி நல்லது.

பாட்டில் மூடியில் அண்டா குண்டா செய்தால் ஃபெவிகால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. (மதுரை)

மூடிகள் பெரும்பாலும் பாலிஎதிலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன், எந்தப் பசையும் லேசில் பிடிக்காது. பசையோடு போராட வேண்டாம். உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, நூலை நெருக்கமாகச் சுற்றி, கடைசியில் நூலின் மேலேயே ஃபெவிகால் தடவி இறுக்குங்கள், அதன் மேல் தங்க நிறம் அடித்தால் பித்தளை அண்டா. உள்ளே கொஞ்சம் நிஜ அரிசியைக் கொட்டி வையுங்கள்.

பார்க்கில் கேழ்வரகு முளைக்க வைப்போம். பக்கத்தில் இருக்கிற அட்டை வீடு ஊறிப்போகிறது. (மன்னார்குடி)

முளைப்பாரியை நேராகத் தரையில் போடாமல் ஸ்வீட் பெட்டியின் பிளாஸ்டிக் மூடிகளில் தனித்தனியாகப் போட்டு, விளிம்பை மணலால் மறைத்துவிடுங்கள். வீட்டுக்கு அடியில் ஒரு பால் கவரை விரித்து ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. கழுவின கவராக இருக்கட்டும்.

கொலு முடிந்ததும் எப்படி எடுத்து வைப்பது? கரப்பானும் வெள்ளிமீனும் தின்றுவிடுகின்றன. (ஸ்ரீரங்கம்)

பூச்சி வருவது மாவுப் பசைக்கும் எண்ணெய்க்கும். பீட்சா பெட்டி, மிக்சர் பெட்டி என்று எண்ணெய் ஊறினது எதையும் ஆரம்பத்திலேயே சேர்க்காதீர்கள், அதில் வர்ணமும் நிற்காது. மைதாப் பசை காய்ச்சி ஒட்டுகிற வழக்கம் இருந்தால் வீட்டுக்கு மட்டும் ஃபெவிகாலுக்கு மாறுங்கள். பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது பழைய வழக்கம்தான், ஆனால் அது விஷம், குழந்தைகள் தொடுகிற சாமானில் வேண்டாம். வீடுகளை நன்றாக உலர்த்தி, கூரையைத் தனியாகக் கழற்றுகிற மாதிரி செய்திருந்தால் கழற்றி, பழைய பருத்திப் புடவைத் துணியில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டு வையுங்கள். அந்துருண்டை போடுகிறவர்கள் தெர்மாகோல் கோபுரத்தை அந்த டப்பாவில் வைக்காதீர்கள், அந்த ஆவி தெர்மாகோலையும் அரிக்கும்.