நர்சம்மா பதில்கள்: டீக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம்

(ஊட்டியிலும் குன்னூரிலும் 31 ஆண்டுகள் அரசு செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் 'நர்சம்மா', வளரும் பெண் பிள்ளைகளின் சாப்பாடு பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

வணக்கம் நர்சம்மா. எனக்கு 15 வயதில் ஒரு மகள், 12 வயதில் ஒரு மகன். நானும் வீட்டுக்காரரும் கேரட் அறுவடைக்குப் போகிறோம். விடியக்காலை நாலு மணிக்கே பிக்கப் வண்டி வந்துவிடும். கொஞ்ச நாளாக மகள் அரிசி டப்பாவில் கையை விட்டு வேகாத அரிசியை அள்ளித் தின்கிறாள். திட்டினால் ஒளித்து வைத்துத் தின்கிறாள். "கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்டி" என்று மாமியார் சிரிக்கிறார். எங்கள் வீடு மேட்டில், எண்பது படி ஏற வேண்டும். பாதியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள். வயசுக்கு வந்த பிள்ளை அப்படித்தான் சோம்பலாக இருக்கும் என்கிறார்கள். அப்படித்தானா?
– ஒரு தாய், காந்தல், ஊட்டி

அந்த மழைக் கதையை நானும் கேட்டு வளர்ந்தவள்தான். ஊட்டியில் கல்யாணம் வைத்தால் அரிசி தின்னாத பெண்ணுக்கும் மழை கொட்டும், அதை விடுங்கள்.

உங்கள் மகளுக்கு இருப்பது சோம்பல் இல்லை. வேகாத அரிசி, சாக்பீஸ், பல்பம், செங்கல் தூள் என்று தின்னத் தோன்றினால், உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துகொண்டு வருகிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதோடு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சத்தில் நிறுத்திக் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். செம்பருத்தி நிறம் போய் வெளுத்திருக்கும் என்று நினைக்கிறேன். கண்ணால் பார்த்ததோடு விடாமல், இந்த வாரமே பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஹீமோகுளோபின் பாருங்கள். காசு கிடையாது.

உங்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விரலில் குத்தி ரத்தம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், என் மகள் சிலேட்டுக் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவே இல்லை. ஒருநாள் காலை பிரேயரில் மயங்கி விழுந்தாள் என்று பள்ளியிலிருந்து ஆள் வந்தது. பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4, குறைந்தது 12 இருக்க வேண்டியது. நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கு! அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, அவள் காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்பது மட்டும் இல்லை. நானே சொல்லட்டுமா? நீங்கள் நாலு மணிக்குப் போய்விடுவீர்கள். அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, தம்பிக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர் டீ போடுவாள். கூடவே ஆளுக்கு ரெண்டு வர்க்கி. குளிருக்குச் சுடச்சுட டீ உள்ளே போனதும் பசி அடங்கிவிடும். வர்க்கி என்பது மைதா, கொழுப்பு, சர்க்கரை, அவ்வளவுதான். நானும் ஆசையாகச் சாப்பிடுவேன், ஆனால் அது டிபன் ஆகாது. ராத்திரி எல்லாரும் சாப்பிட்டுக் கடைசியாக அவள் உட்காரும்போது குழம்பில் காய் இருக்காது. முட்டை ஒன்று இருந்தால் அது "ஆம்பளப் பிள்ளை"க்குப் போயிருக்கும். நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பட்டியல். அதே வயதுப் பையனுக்கு 22 போதும். மாதா மாதம் ரத்தம் போவது அவளுக்குத்தானே? நம் வீட்டில் நடப்பதோ தலைகீழ்.

இனி செலவில்லாத காரியம் ஒன்று. டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள். டீயில் இருக்கும் துவர்ப்பு, சோறு, பருப்பு, கீரையில் உள்ள இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும், அப்புறம் குடிக்கட்டும். தேயிலை மலையில் இருந்துகொண்டு டீயை விடு என்று சொன்னால் என்னைக் கல்லால் அடிப்பீர்கள். விட வேண்டாம், தள்ளி வைத்தால் போதும். சோற்றில் பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொள்ளட்டும். இல்லை ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா. டீ தடுப்பதற்கு நேர்மாறாக இவை இரும்பை உள்ளே இழுத்துவிடும்.

கீரைக்கு எங்கே போவது என்பீர்கள். முருங்கை இந்தக் குளிரில் வராது, மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வர வேண்டும், வரும்போதே வாடியிருக்கும். ஆனால் மார்க்கெட்டில் முள்ளங்கியும் நூக்கலும் மூட்டை பிரிக்கிற இடத்தில் பாருங்கள், தழையைத் திருகி மலை மாதிரி குவித்திருப்பார்கள். மாட்டுக்குப் போகிறது. முள்ளங்கித் தழையை ரெண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசி (மருந்து அடித்திருப்பார்கள்), துவரம்பருப்போடு கடைந்தால் கீரைக் கூட்டுதான். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் கொஞ்சம் ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) கேட்டு வாங்கி, அதை அவள் தட்டில் போடுங்கள். நம் நீலகிரி மாவட்டத்து ரேஷனில் 2023 முதல் ரெண்டு கிலோ அரிசிக்குப் பதில் ராகி வாங்கிக்கொள்ளலாம். அதை வாங்கிக் கோழிக்குப் போடுகிற வீடும் எனக்குத் தெரியும்! ராத்திரியே கூழ் காய்ச்சி வைத்தால் காலையில் வர்க்கிக்கு வேலையில்லை.

இன்னொன்று மாமியாரிடம் சொல்லுங்கள். ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று நிறம் மாறித் தெரிகிற மணியை "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறார்கள். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்த்துச் செய்த மணி அது. எறிய வேண்டாம்.

ஹீமோகுளோபின் எண் குறைவாக இருந்தால் சாப்பாடு மட்டும் போதாது. தினமும் மாத்திரை வேண்டும், அளவை மருத்துவர் சொல்வார். ஒரு மாதத்தில் மூச்சு வாங்குவது குறையும், உடனே நிறுத்திவிடாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் போனால்தான் உள்ளே கையிருப்பு சேரும். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உண்டு. அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது.

பேத்திக்கு 14 வயது, ஒல்லிக்குச்சி. தினமும் பீட்ரூட் ஜூஸும் நாலு பேரீச்சம்பழமும் கொடுக்கிறேன். ரத்தம் ஊறும்தானே?
– ஒரு தாத்தா, கொடைக்கானல்

சிவப்பாக இருப்பதால் பீட்ரூட்டுக்கு வந்த பேர் அது ஐயா. கிழங்கில் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. நாலு பேரீச்சம்பழத்திலும் அதே கதைதான். கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அந்தக் காசில் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வாங்கிக் கொடுத்தால் ஒல்லிக்குச்சிக்குக் கொஞ்சம் சதை பிடிக்கும்.

பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் நீல இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொண்டு வெளியே போய்த் துப்பிவிடுகிறார்கள். என்ன செய்வது?
– ஓர் ஆசிரியை, குன்னூர்

நான் வேலையில் இருந்தபோது ஒரு பள்ளியில், சுற்றுச்சுவருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் நீலமாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால், காலை பதினோரு மணிக்கு, வெறும் டீ குடித்துவிட்டு வந்த வயிற்றில் கொடுத்திருக்கிறார்கள். குமட்டாமல் என்ன செய்யும்? ஒருத்தி வாந்தி எடுத்தாள், மறுவாரம் எல்லாருமே துப்பினார்கள்.

மதியச் சத்துணவு முடிந்த கையோடு கொடுங்கள் டீச்சர். முதலில் நீங்கள் அவர்கள் முன்னால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாததால் மாத்திரையை விட்ட பிள்ளைகள் அதிகம். "இது குழந்தை பிறக்காமல் பண்ற மாத்திரை" என்று ஒரு வதந்தியும் சுற்றும், பெற்றோர் கூட்டத்தில் அதை உடையுங்கள். அதில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பும் கொஞ்சம் ஃபோலிக் அமிலமும்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தரும் பூச்சி மாத்திரையையும் விடவேண்டாம். கொக்கிப்புழு குடலில் இருந்தால் நாம் ஊற்றுவதை அது குடித்துக்கொண்டிருக்கும்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. உங்கள் வகுப்பில் நாற்பது பெண்கள் என்றால் எத்தனை பேர் என்று கரும்பலகையில் அவர்களையே போடச் சொல்லுங்கள்.

நர்சம்மா அக்கா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். முகாமில் ரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 12.1. நார்மல் என்றார்கள். ஆனால் முதல் பீரியடிலேயே தலை சுற்றுகிறது. அப்பாவுக்கு வேலை சரியாக இல்லை, அதனால் வீட்டில் எதுவும் கேட்பதில்லை. எனக்கு என்ன?
– ஒரு மாணவி, ஃபிங்கர்போஸ்ட், ஊட்டி

கண்ணு, கணக்கில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. 12 என்ற எல்லைக்கோடு சமவெளிக்காரர்களுக்குப் போட்டது. நாம் இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். இங்கே காற்று மெலிசு, அதனால் உடம்பு தானாகவே கொஞ்சம் அதிகமாக ரத்தம் ஊற வைத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இந்த உயரத்தில் வரும் எண்ணில் ஒன்றாவது கழித்துத்தான் பார்க்க வேண்டும். உன் 12.1 கோயம்புத்தூரில் 11 மாதிரி. ஆகவே நீ நடிக்கவில்லை. சுகாதார நிலையத்தில் இதைச் சொல்லியே கேள். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ அதையும் வெட்கப்படாமல் சொல்.

பத்தாம் வகுப்பு வரை பள்ளியில் சோறும் முட்டையும் கிடைத்தது, இல்லையா? பதினொன்றில் நின்றுபோயிருக்கும். சத்துணவு பத்தோடு சரி. பசி மட்டும் எப்படிப் பத்தோடு நிற்கும் என்று நான் அதிகாரிகளிடம் கேட்டிருக்கிறேன், சிரித்தார்கள்.

வீட்டில் கேட்காமல் இருக்காதே. இந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டு. ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போ, குளிராக இருந்தால் கொஞ்சம் சூடாக்கிக்கொள். பையில் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலையும் வெல்லத்துண்டும் இருக்கட்டும். டீயை இன்டர்வெல்லுக்குத் தள்ளிவிடு. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு, எண்ணை எனக்கு எழுது.