அரசமரத்தடியில புத்தருக்கு என்ன ஆச்சு? கேள்வி பதில்

ஞானம், நிர்வாணம் (துக்கத்துல இருந்து முழு விடுதலை) பத்தி வந்த கேள்விகளுக்கு, பாலி மொழியில இருக்கற புத்தரோட போதனைகளான சூத்திரங்கள்ல படிச்சத வச்சு பதில் எழுதறேன். எல்லாமே நல்ல கேள்விங்க.

கேள்வி: சார், புத்தர் ஞானம் அடைஞ்சார்னு எல்லாரும் சொல்றாங்க, அன்னிக்கு ராத்திரி அப்படி என்னதான் நடந்துச்சு?

அவரே சொல்ற மாதிரி மஜ்ஜிம நிகாயம்ங்கற சூத்திரத் தொகுப்போட 36வது சூத்திரத்துல இருக்கு. ராத்திரி முதல் ஜாமத்துல முந்தின பிறவிகள் ஞாபகம் வருது, நடு ஜாமத்துல உயிர்கள் அதோட கர்மத்துக்கு ஏத்தபடி செத்து செத்துப் பிறக்கறது தெரியுது, கடைசி ஜாமத்துலதான் விஷயமே, இது துக்கம், இது காரணம், இது முடிவு, இது வழின்னு நேருக்கு நேரா தெரிஞ்சு, மனசுக்கு அடியில ஊறிட்டே இருந்த ஆசை, அறியாமை எல்லாம் அத்தோட ஒழிஞ்சுபோகுது. முதல் ரெண்டும் பிரமிப்பா இருக்கறதால நம்மாளுங்க அதுலயே நின்னுடறாங்க. ஆனா அவர புத்தராக்குனது மூணாவதுதான்.

கேள்வி: அப்போ அதுக்கு முன்னாடி 6 வருஷம் பட்டினி கிடந்தது வீணா அண்ணா?

தம்பி, எனக்கு ரொம்பப் பிடிச்ச எடமே இதுதான். வீட்ட விட்டு வந்ததும் ஆளார காலாமர்ங்கற தியான குருகிட்ட போறார், அப்புறம் உத்தக ராமபுத்தர்ங்கற இன்னொரு குருகிட்ட போறார், ரெண்டு பேரும் சொல்லிக்குடுத்த ஆழமான தியான நிலைய எல்லாம் சீக்கிரமே எட்டிடறார், ஒருத்தர் வா சேர்ந்து சீடர்கள நடத்தலாம்னு கூப்பிடறார், இன்னொருத்தர் குரு ஸ்தானத்தையே குடுக்கறார், இது முடிவு இல்லன்னு ரெண்டையும் விட்டுட்டு கிளம்பிடறார். அப்புறம் உருவேலாங்கற எடத்துல கடுந்தவம். வயித்துத் தோல தொட்டா முதுகெலும்பு கைல சிக்குற அளவுக்கு, உடம்ப தடவுனா முடி வேரோட உதிருற அளவுக்கு. அந்த நிலமையிலதான் சின்ன வயசுல அப்பா வேலையா இருக்கும்போது நாவல் மர நிழல்ல உக்காந்திருந்தப்போ மனசு தானா அடங்கி சந்தோஷமா இருந்தது ஞாபகம் வருது. காமமோ கெட்ட எண்ணமோ கலக்காத இந்த சுகத்தப் பாத்து நான் ஏன் பயப்படணும்னு தன்னையே கேட்டுக்கறார். இந்த ஒரு கேள்விலதான் பாதையே திரும்புது. சோறு சாப்பிடறார், கூட இருந்த 5 துறவிகளும் இவன் சுகவாசியாயிட்டான்னு விட்டுட்டுப் போயிடறாங்க. அந்த 5 பேருக்குத்தான் பின்னாடி சாரநாத்ல முதல் போதனையே.

கேள்வி: தியானத்துல உக்காந்தப்போ பெரிய வெளிச்சம் தெரிஞ்சுது, உடம்பே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. நான் ஞானம் அடைஞ்சுட்டேனா?

நல்ல அனுபவம்தான், பயப்படாதீங்க, அதப் புடிச்சுக்கவும் வேணாம். இதவிட பல மடங்கு ஆழமான நிலையதான் அவர் ஆளாரர்கிட்ட விட்டுட்டு வந்தார். நிர்வாணம்னா என்னன்னு புத்தரோட முக்கிய சீடர் சாரிபுத்தர்கிட்ட ஒரு துறவி நேரா கேக்கறார், அவர் சொன்ன பதில் இவ்ளோதான்: ராகம் (பேராசை), துவேஷம் (வெறுப்பு), மோகம் (மயக்கம்) மூணும் அழியறது. என்ன வந்துச்சுங்கறத விட, என்ன போச்சுன்னு பாருங்க. உங்கள ஒருத்தர் நாலு பேர் முன்னாடி மட்டம் தட்டுனா உள்ள என்ன கெளம்புது? அதுல தெரிஞ்சுடும். இன்னொண்ணு, அடையாத நிலைய தெரிஞ்சே அடைஞ்சுட்டேன்னு சொல்ற பிக்கு சங்கத்துல இருக்கவே முடியாது, உண்மையாவே அடைஞ்சிருந்தாலும் வெளியாளுங்ககிட்ட சொல்லிக்கக் கூடாதுன்னு தனி விதி. இத மனசுல வச்சுக்கிட்டு, காசு வாங்கிட்டு 'உங்களுக்கு ஆயிடுச்சு'ன்னு சொல்றவங்ககிட்ட இருந்து தயவுசெஞ்சு தள்ளியே இருங்க.

கேள்வி: குடும்பம், லோன், ஆபீஸ்னு ஓடுறவனுக்கு இதெல்லாம் சாத்தியமா?

படிப்படியா சாத்தியம். 4 நிலை சொல்றாங்க, முதல் படியான சோதாபன்னர் (விடுதலைப் பாதைல உறுதியா கால் வச்சவர்) ஆயிட்டா மிஞ்சிப்போனா 7 பிறவிதான் பாக்கி. அனாதபிண்டிகர் பெரிய வியாபாரி, விசாகை பேரன் பேத்தி எடுத்த அம்மா, ரெண்டு பேருமே அந்தப் படிய எட்டுனவங்க. சித்தர்ங்கற பேருள்ள இல்லறத்தார் (நம்ம ஊர் சித்தர் இல்ல) மூணாவது படி வரைக்கும் போனவர்.

கேள்வி: பெண்களுக்கு முடியாதுன்னு ஒருத்தர் அடிச்சு சொல்றார். உண்மையா ஐயா?

இல்லம்மா. தேரிகாதைன்னு பிக்குணிகளோட பாட்டுத் தொகுப்பே இருக்கு. அதுல படாசாரா பாட்ட மட்டுமாவது படிங்க. புருஷன், ரெண்டு குழந்தைங்க, பெத்தவங்கன்னு எல்லாரையும் அடுத்தடுத்து பறிகொடுத்து புத்தி பேதலிச்சுத் திரிஞ்சவங்கன்னு உரை சொல்லுது. பாட்டுல அவங்க சொல்றது வேற: கால் கழுவுறாங்க, தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்கு ஓடறதப் பாக்கறாங்க, மனசு ஒரு நிலைக்கு வருது. அப்புறம் விளக்க எடுத்துக்கிட்டு உள்ள போய், படுக்கையப் பாத்து, கட்டில்ல உக்காந்து, ஊசியால திரிய கீழ இழுக்கறாங்க. விளக்கு அணைஞ்ச மாதிரி மனசு விடுதலையாச்சுங்கறாங்க. இதுக்கு மேல அந்த ஆள்கிட்ட வாதாட என்ன இருக்கு!

கேள்வி: ஞானம் வந்துட்டா வலி, நோய் எதுவும் இருக்காதா?

இருக்கும். தன் குலத்தாரான சாக்கியர்களோட புது மண்டபத்துல ராத்திரி ரொம்ப நேரம் பேசிட்டு, சீடர் ஆனந்தர்கிட்ட, ஆனந்தா எனக்கு முதுகு வலிக்குது, மீதிய நீ சொல்லுன்னு படுத்தவர்தான் புத்தர். 80 வயசுல நோயில விழுந்துதான் குசிநாராவுல இறந்தார். உடம்பு வலி இருந்துச்சு, அய்யோ எனக்கு இப்படி ஆயிடுச்சேங்கற புலம்பல் இல்ல.

கேள்வி: எத்தன வருஷம் பயிற்சி பண்ணணும்?

கணக்கு கிடையாது. ஆனந்தர் 25 வருஷம் கூடவே இருந்தவர், போதனை எல்லாம் மனப்பாடம், ஆனா புத்தர் இறக்கும்போதும் அவர் அரகந்தர் (4வது, கடைசிப் படிய எட்டுனவர்) ஆகல. புத்தர் இறந்தப்புறம் போதனைகளத் தொகுக்க ராஜகிருகத்துல பிக்குகளோட முதல் சபை கூடறதுக்கு முந்தின ராத்திரி முழுக்க முயற்சி பண்ணி, விடியற நேரத்துல சரி படுக்கலாம்னு சாயறார், கால் தரைய விட்டுடுச்சு, தலை இன்னும் தலகாணிய தொடல, அந்த இடைவெளில நடந்துச்சுன்னு வினயத்துல (பிக்குகளோட விதிநூல்) இருக்கு. உழைப்பும் வேணும், அந்த முறுக்கு தளரவும் வேணும்.

கேள்வி: தமிழ்லயே படிக்க எதாச்சும் சொல்லுங்க.

மணிமேகலை கடைசி காதை, 30வது. காஞ்சியில அறவண அடிகள் மணிமேகலைக்கு 12 நிதானங்களையும் (ஒண்ணுல இருந்து ஒண்ணு வர்ற காரணங்கள்) 4 வாய்மைகளையும் (மேல சொன்ன துக்கம், காரணம், முடிவு, வழி) சொல்லித்தர்ற பகுதி. பேதைமையில ஆரம்பிச்சு பிறப்பு, மூப்பு, சாவு வரைக்கும் எப்படி சங்கிலியா வருது, எங்க அறுத்தா எது அறும்னு வரிசையா வருது. மூலம் கொஞ்சம் கடினம், அதனால உரையோட இருக்கற பதிப்பா வாங்குங்க, ஒரு நாளைக்கு பத்து வரி போதும்.