15 விதிகள் அதிகம், மேடம்
ராயபுரத்தில் ஆறாம் வகுப்பு, முதல் நாளே 15 விதிகளைப் பலகையில் எழுதியும் யாரும் மதிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 15 எனக்கே நினைவில் நிற்காது. நாலு போதும். அதையும் படிக்க வைக்காமல் செய்து பார்க்க வையுங்கள். தண்ணீர் குடிக்கப் போவதற்கே நான் மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன்: பாட்டிலைத் தூக்கிக் காட்டினால் போதும், வாய் திறக்க வேண்டாம். நாலாம் நாள் பசங்களே ஒருவரையொருவர் திருத்தினார்கள்.

தாமதமாக வருபவர்களிடம் மட்டும் முதலில் காரணம் கேளுங்கள். ஜூன் 14-ல் மீன்பிடித் தடை முடிந்ததும் காசிமேட்டில் விடியும் முன்பே வேலை. அம்மா ஏலத்துக்குப் போய்விட்டால் தம்பியைக் கிளப்பிவிடுவது இந்தப் பிள்ளைதான்.

அப்புறம், பிரம்பு வேண்டவே வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவிலேயே தடை இருக்கிறது.